லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், டிசைனர், கான்ட்ராக்டர்: யாருக்கு லைசென்ஸ், எதற்கு?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: வீட்டைச் சுற்றியிருக்கும் காலியிடத்தைச் சீரமைக்க மூன்று பேரிடம் பேசியிருக்கிறீர்கள். ஒருவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், இன்னொருவர் கார்டன் டிசைனர், மூன்றாமவர் கான்ட்ராக்டர். மூவரும் படம் போட்டுக் காட்டுகிறார்கள், மூவரும் செடியைப் பற்றிப் பேசுகிறார்கள், கேட்கிற தொகை மட்டும் வேறு வேறு. இவர்களுக்குள் என்ன வித்தியாசம், யாரைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்று கேட்கிறீர்கள்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், சிலருடைய விசிட்டிங் கார்டைப் பார்த்தால் அவர் என்னதான் செய்கிறார் என்று எனக்கே இன்னும் புரிவதில்லை. ஆனால் சட்டம் எங்கே மூக்கை நுழைக்கும், எங்கே கண்டுகொள்ளாமல் போகும் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகித்துவிடலாம். தோட்டம் அழகாக இருக்கிறதா என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. வெயில் வேண்டிய ரோஜாவைக் கொண்டுபோய் நிழலில் வைத்தால் நஷ்டம் உங்களோடு போயிற்று. மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தில் போய்த் தேங்கினால்? தடுப்புச்சுவர் சரிந்தால்? அரைகுறையாக வெட்டிய கிளை தெருவில் போகிறவர் மேல் விழுந்தால்? தெளித்த மருந்து குடிதண்ணீர்க் குழாய்க்குள் போனால்? அடுத்தவருக்கு ஆபத்து வரக்கூடிய இடங்களில்தான் தேர்வு, சான்றிதழ், பதிவு எண் எல்லாம் முளைக்கின்றன. மற்ற இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலை அரசு இரண்டு விதமாகப் பூட்டலாம். பெயரைப் பூட்டலாம், அல்லது வேலையைப் பூட்டலாம். பெயரைப் பூட்டினால், பதிவு இல்லாதவரும் அந்த வேலையைச் செய்யலாம், அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள மட்டும் கூடாது. வேலையைப் பூட்டினால், பட்டம் எதுவாக இருந்தாலும் பதிவு இல்லாதவர் அந்த வேலையைத் தொடவே கூடாது. மருத்துவத் தொழில் பெரும்பாலும் இரண்டாவது வகை. லேண்ட்ஸ்கேப் துறையில் நாட்டுக்கு நாடு இது மாறுகிறது. சில இடங்களில் இரண்டு பூட்டுமே கிடையாது.

பிரிட்டனில் 1997ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல்லைப் பூட்டி வைத்திருக்கிறது. அதே சட்டம் மூன்று பேருக்கு மட்டும் விலக்கு தருகிறது: கப்பலை வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்ட், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், அப்புறம் கோல்ஃப் மைதானம் வடிவமைக்கும் கோல்ஃப்-கோர்ஸ் ஆர்க்கிடெக்ட். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. அதன் 37ஆம் பிரிவு பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்கிறது, ஆனால் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டையும் நேவல் ஆர்க்கிடெக்டையும் விட்டுவிடுகிறது. அந்தப் பிரிவு காப்பது பெயரைத்தான், வேலையை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியும்விட்டது. ஆக இந்த இரண்டு நாடுகளிலும் 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய படிப்பையோ அனுபவத்தையோ முடிவுசெய்ய முடியாது. மரத்தோடும் புல்லோடும் வேலை செய்கிறவரால் என்ன கெட்டுவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும். தண்ணீரை அவர்கள் யோசிக்கவில்லை.

யோசித்த இடங்களும் உண்டு. ஜெர்மனியில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தை மாநிலச் சட்டங்கள் காக்கின்றன. அந்தந்த மாநில ஆர்க்கிடெக்ட்கள் சபையின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1984இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது, அதுவும் பெயர்ப் பூட்டுதான். அமெரிக்காவில் கலிபோர்னியா 1953இல் முதலில் லைசென்ஸ் கொண்டுவந்தது. இன்று 50 மாநிலங்களிலும் லைசென்ஸ் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் வேலையையே பூட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அந்த லைசென்ஸ் வாங்க எழுதும் தேர்வைப் பார்த்தால் இந்தத் தொழில் உண்மையில் எது என்று விளங்கும். அதில் நாலு பகுதிகள். இடத்தை ஆராய்வதும் திட்ட நிர்வாகமும் ஒன்று, திட்டமிடலும் வடிவமைப்பும் ஒன்று, கட்டுமான ஆவணங்களும் மேற்பார்வையும் ஒன்று. நாலாவது பகுதி முழுக்க முழுக்க மண்வாட்டம், வடிகால், மழைநீர் மேலாண்மை. செடிகளுக்கென்று தனிப் பகுதியே கிடையாது. என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். பூவும் மரமும் வரையத்தான் வந்திருப்பார்கள்.

ஏன் இவ்வளவு தண்ணீர்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5,000 லிட்டர். நாலைந்து மணி நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி அளவு தண்ணீர் உங்கள் முற்றத்துக்கு வந்து சேர்கிறது. வெறும் மண்ணாக இருந்தவரை அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கியிருக்கும். அதன் மேல் கல் பாவிவிட்டால் கிட்டத்தட்ட மொத்தமும் ஓடும், ஓடுகிற தண்ணீர் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். பள்ளம் உங்கள் வீட்டுச் சுவர் ஓரமாக இருந்தால் சுவருக்கு, பக்கத்து வீட்டுப் பக்கம் இருந்தால் அவர் வீட்டுக்கு. அமெரிக்க மாநிலங்கள் பலவும் பின்பற்றும் வீடு கட்டும் விதித்தொகுப்பு, அஸ்திவாரத்திலிருந்து முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்கிறது. ஆறு அங்குலம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, மட்டக்கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். புல்தரை விரிக்கிறேன் என்று யாராவது சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டி உயர்த்திவிட்டால் அந்த ஆறு அங்குலம் காணாமல் போய்விடும். அடுத்த மழையில் உள்சுவரில் ஓதம் ஏறும். தோட்டத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பெயின்டரைத் திட்டுவார்கள்.

சட்டம் எதுவும் பூட்டாத நாடுகளில் அந்த வேலையைத் தொழில் சங்கங்கள் செய்கின்றன. பிரிட்டனின் லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட் 1929இல் தொடங்கியது, 1997இல் அரச சாசனம் பெற்றது. அங்கே 'சார்ட்டர்டு' என்ற அடைமொழி வாங்க, படிப்புக்கு மேல் வழிகாட்டியின் கீழ் சில வருட வேலையும் வாய்மொழித் தேர்வும் உண்டு. ஒழுங்குமீறினால் சங்கம் என்ன செய்ய முடியும்? உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம், அவ்வளவுதான். அவர் மறுநாளும் அதே பெயரில் தொழில் செய்யலாம். ஆனாலும் பெரிய பொதுத் திட்டங்களின் டெண்டரில் சார்ட்டர்டு உறுப்பினர் வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். சட்டம் போடாத பூட்டைச் சந்தை போட்டுவிடுகிறது.

இந்தப் பெயர்ச் சண்டை புதியதும் இல்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெடும் கால்வர்ட் வாக்ஸும்தான் 1860களில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லைத் தொழிற்பெயராக நிலைநாட்டினார்கள். அமெரிக்கச் சங்கம் 1899இல் 11 பேரோடு தொடங்கியபோது அதில் ஒரே பெண் பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட். அவர் தன்னை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள விரும்பவில்லை, லேண்ட்ஸ்கேப் கார்டனர் என்றே அழைத்துக்கொண்டார். சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரே சங்கத்தின் பட்டத்தை வேண்டாம் என்றால், உங்களுக்குக் குழப்பம் வந்ததில் ஆச்சரியம் என்ன?

இனி டிசைனர். கார்டன் டிசைனர், லேண்ட்ஸ்கேப் டிசைனர் என்ற பெயர்களைப் பெரும்பாலான நாடுகள் பூட்டுவதில்லை. ஆனால் அவர் எதுவரை போகலாம் என்று சில சட்டங்கள் கோடு கிழிக்கின்றன. கலிபோர்னியாச் சட்டத்தின் கோடு எனக்குப் பிடிக்கும், தெளிவாக இருக்கும். தனி வீடு ஒன்றுக்குச் செடிகளைத் தேர்ந்தெடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட லைசென்ஸ் தேவையில்லை. நடைபாதை, இருக்கை, குளம் எங்கே வரலாம் என்று உத்தேசமாகக் காட்டவும் தேவையில்லை. அவற்றை எப்படிக் கட்டுவது என்ற கட்டுமான வரைபடத்துக்கும், தரையின் வாட்டத்தையும் வடிகாலையும் மாற்றுகிற திட்டத்துக்கும் லைசென்ஸ் உள்ளவர் வேண்டும். அதாவது 'எங்கே' என்பது யாரும் சொல்லலாம், 'எப்படி' என்பதற்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு டிசைனர் என்றால் ஒரு படி கீழே என்று நினைத்துவிட வேண்டாம். செடியைப் பொறுத்தவரை நல்ல டிசைனர் பல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்களைவிட அதிகம் தெரிந்தவர். எது எந்த மாதத்தில் பூக்கும், ஐந்து வருடத்தில் எவ்வளவு அகலமாகும், எந்த இரண்டைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்பதெல்லாம் மண்ணில் கைவைத்துக் கற்றது. லைசென்ஸ் தேர்வில் இது கொஞ்சம்தான் வரும். தட்டையான இடம், சுவர் எதுவும் கட்டப்போவதில்லை, தண்ணீர் ஏற்கெனவே ஒழுங்காகப் போகிறது என்றால் நான் டிசைனரைத்தான் கூப்பிடச் சொல்வேன்.

கான்ட்ராக்டர் கதை வேறு. படத்தில் இருப்பதை மண்ணில் கொண்டுவருவது அவர். அவர் பிழை செய்தால் அது கல்லும் சிமென்ட்டுமாக நிற்கும். அதனால் பல இடங்களில் வடிவமைப்பாளரைவிட அவரைத்தான் இறுக்கிப் பிடிக்கிறார்கள். கலிபோர்னியாவில் சி-27 என்ற தனி லைசென்ஸ் இருக்கிறது. அதற்குக் கைதேர்ந்த நிலையில் 4 வருட அனுபவம் காட்ட வேண்டும், சட்டமும் வணிகமும் பற்றி ஒரு தேர்வு, தொழில் பற்றி ஒரு தேர்வு, இவற்றோடு வாடிக்கையாளருக்கு இழப்பு வந்தால் ஈடுகட்ட ஒரு பிணைத்தொகையும் வேண்டும். ஓரிகன் மாநிலத்தில் லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டர்களுக்கென்றே தனி வாரியம் இருக்கிறது. நிறுவனத்துக்கு ஒரு லைசென்ஸ், வேலையை நடத்தும் ஆளுக்கு இன்னொன்று. ஜப்பானில் கட்டுமானத் தொழிலுக்கான 29 வகை உரிமங்களில் தோட்டக் கட்டுமானம் ஒரு வகை. பாலம் கட்டுகிறவரும் தோட்டம் அமைக்கிறவரும் ஒரே சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

ஜெர்மனியில் வழி வேறு. அங்கே லைசென்ஸைவிட பயிற்சிக்குத்தான் மரியாதை. தோட்டக்காரர் என்பது பொதுவாக 3 வருடப் பயிற்சித் தொழில்: பெரும்பாலான நாள் வேலையிடம், மீதி நாள் தொழிற்பள்ளி. அதற்குள் ஏழு பிரிவுகள். நர்சரி மரம், பழம், காய்கறி, அலங்காரச் செடி, பல்லாண்டுச் செடி, தோட்டக் கட்டுமானம், ஏழாவதாக மயானத் தோட்டம். ஆமாம், கல்லறைகளைச் சுற்றிச் செடி வைத்துப் பராமரிப்பது அங்கே தனிப் படிப்பு. கனடாவில் 'ரெட் சீல்' என்ற முத்திரை பெறும் தொழில்களில் லேண்ட்ஸ்கேப் வேலையும் ஒன்று. ஒரு மாகாணத்தில் வாங்கினால் மற்ற மாகாணங்களும் ஏற்றுக்கொள்ளும்.

கான்ட்ராக்டரிடம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் தடுப்புச்சுவர். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரைச் சாதாரண மதில்போல நினைத்துக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் அதைத் தள்ளும் மொத்த விசை நாலு மடங்காகும், கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் எட்டு மடங்காகும். மண் நனைந்துவிட்டால் தண்ணீரின் அழுத்தமும் அதோடு சேரும். அதனால்தான் அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பு, அஸ்திவாரத்தின் அடியிலிருந்து சுவரின் தலைவரை 4 அடி தாண்டினால் அனுமதி வாங்கச் சொல்கிறது. மேலே வண்டி நிற்பது மாதிரி கூடுதல் பாரம் இருந்தால் அந்த 4 அடிச் சலுகையும் கிடையாது. கவனியுங்கள், அளவு தரையிலிருந்து இல்லை, அஸ்திவாரத்தின் அடியிலிருந்து. வெளியே மூன்றடி தெரிகிற சுவரே வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

ஒரு முறை அப்படிச் சாய்ந்த சுவரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கல் வேலை அருமை, இழைத்தது மாதிரி இருந்தது. தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை, பின்னால் ஜல்லியும் இல்லை, களிமண்ணை அப்படியே தள்ளி நிரப்பியிருந்தார்கள். துளை விட்டால் சுவரில் கறை படியும், பார்க்க நன்றாக இருக்காது என்று வீட்டுக்காரரே வேண்டாம் என்றாராம். கான்ட்ராக்டரும் சரி என்றுவிட்டார். வேலையைப் பூட்டுகிற சட்டம் எதற்கு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வாடிக்கையாளர் ஆசைப்பட்டுக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் ஒருவருக்கு இருக்க வேண்டும்.

படமும் நானே, வேலையும் நானே என்கிற நிறுவனங்களும் இருக்கின்றன. சின்ன வேலைக்கு அது வசதி, ஒரே ஆளிடம் பேசினால் போதும். ஆனால் வேலை சரியாக நடந்ததா என்று உங்கள் சார்பில் பார்க்க அங்கே யாரும் இல்லை. தனி லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி, கான்ட்ராக்டரோடு உங்களுக்காகச் சண்டை போடுவதற்கு.

சொட்டுநீர், தெளிப்பான் போடுகிறவரை யாரும் பெரிய ஆளாக நினைப்பதில்லை. ஆனால் டெக்சாஸ் மாநிலத்தில் அவருக்குத் தனி லைசென்ஸ். ஏன் என்று பலர் கேட்பார்கள். தோட்டக் குழாய் குடிதண்ணீர்க் குழாயோடு சேர்ந்திருக்கும். தெருவில் எங்கோ மெயின் குழாய் உடைந்தாலோ, தீயணைப்புக்காரர்கள் ஒரேயடியாகத் தண்ணீர் இழுத்தாலோ மெயினில் அழுத்தம் திடீரென்று குறையும். அப்போது தோட்டத்துக் குழாயில் இருப்பது பின்பக்கமாக உறிஞ்சப்படும். தெளிப்பான் தலை சேற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால், உரம் கரைந்த அந்தத் தண்ணீர், நாய் அசிங்கம் செய்த தண்ணீர், எல்லாம் குடிதண்ணீர்க் குழாய்க்குள் போகும். இதைத் தடுக்கப் பொருத்துவதுதான் பேக்ஃப்ளோ தடுப்பான். அதைச் சரியான உயரத்தில், சரியான வகையில் வைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்பதே அந்த லைசென்ஸின் முக்கியமான காரணம். உங்கள் நாட்டில் லைசென்ஸ் இருக்கிறதோ இல்லையோ, குடிதண்ணீர் இணைப்பிலிருந்து தோட்டத்துக்குக் குழாய் எடுத்தால் அந்தத் தடுப்பான் எங்கே என்று கேளுங்கள்.

மருந்து தெளிப்பது இந்தத் துறையில் மிகப் பரவலாகக் கட்டுப்படுத்தப்பட்ட வேலை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல நாடுகளில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் ஒருவர் பூங்காவையே வடிவமைக்கலாம். அவரிடம் வேலை பார்க்கும் பையன் முதுகில் டேங்கை மாட்டினால் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஆபத்து அதிகமான மருந்துகள் சான்றிதழ் பெற்றவரின் பொறுப்பில் மட்டுமே தெளிக்கப்பட வேண்டும், சான்றிதழ் பெற 18 வயது ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் போட்ட ஆணை, தொழில்முறையாக மருந்து தெளிக்கிற எல்லாருக்கும் பயிற்சியும் சான்றிதழும் கேட்கிறது. பிரிட்டனில் அதுவரை 'நாங்கள் பழைய ஆட்கள், அனுபவம் போதும்' என்று விலக்கு வைத்திருந்தவர்களுக்கும் 2015 நவம்பர் 26ஆம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. தாத்தா காலத்திலிருந்து தெளிக்கிறேன் என்ற பேச்சு அங்கே இனி எடுபடாது.

மரம் வெட்டுவது, கவாத்து செய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தப்பு நடந்தால் திருத்தவே முடியாத வேலை இது. மரத்தில் ஏறத் தெரிந்தவரெல்லாம் மர நிபுணர் இல்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, மனிதத் தோல்போல அது புதிதாக வளர்ந்து மூடிக்கொள்வதும் இல்லை; காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலை உள்ளே அடைத்துவிடுகிறது என்று 1970களில் காட்டினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் இருக்கும், அந்தச் சுவருக்கான ஏற்பாடு அங்கேதான் இருக்கிறது. அதுவரை தண்டோடு ஒட்ட வெட்டுவதுதான் சுத்தமான வேலை என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது அந்த வளையத்தையே அறுத்துவிடும். வெட்டின இடத்தில் தார் பூசுவதும் அழுகலைத் தடுக்காது. மரத்தின் தலையை மொட்டையடிப்பது எல்லாவற்றையும்விட மோசம். மேலே இருந்து முளைக்கும் புதுக் கொம்புகள் பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், கனம் ஏறியதும் காற்றில் பிய்ந்து விழும். 'பாதுகாப்புக்காக மொட்டையடித்தோம்' என்று சொல்லும் மரம் சில வருடத்தில் முன்பைவிட ஆபத்தாகிவிடும்.

இந்த அறிவு இருக்கிறதா என்று பார்க்கச் சர்வதேச மரவியல் சங்கமான ஐ.எஸ்.ஏ. 1992 முதல் சான்றிதழ் தருகிறது. பொதுவாக 3 வருட முழுநேர அனுபவம் காட்டி, தேர்வு எழுதி, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பயிற்சிப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இது அரசாங்க லைசென்ஸ் இல்லை, தானாக முன்வந்து வாங்குவது. கனெக்டிகட், மேரிலாண்ட் மாதிரி சில அமெரிக்க மாநிலங்களில் மட்டும் சட்டப்படியே லைசென்ஸ் வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது வகைப் பூட்டு வருகிறது. ஆளையும் பூட்டாமல் பெயரையும் பூட்டாமல், மரத்தையே பூட்டுவது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் நகர்ப்புறத் திட்டமிடல் சட்டப்படி உள்ளாட்சி ஒரு மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை போடலாம். அதற்குப் பிறகு உங்கள் தோட்டத்து மரமானாலும் உள்ளாட்சியைக் கேட்காமல் ஒரு கிளையை வெட்டினால் குற்றம். வெட்டுகிறவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் சரி. கட்டுமானம் நடக்கும் இடத்துக்கு பி.எஸ். 5837 என்ற பிரிட்டிஷ் தரநிலை ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது: மரத்தின் தண்டை ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளந்து, அந்த விட்டத்தை 12ஆல் பெருக்கினால் வரும் தூரம்வரை வேர்ப் பாதுகாப்பு வட்டம். தண்டு 50 சென்டிமீட்டர் என்றால் சுற்றிலும் 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பள்ளம் தோண்டக் கூடாது, சிமென்ட் மூட்டை அடுக்கக் கூடாது, லாரி ஏறி இறங்கக் கூடாது. மண் ஒருமுறை இறுகிவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும். மரம் உடனே காட்டாது, ஐந்தாறு வருடம் கழித்து உச்சியிலிருந்து காயும். அதற்குள் எல்லாரும் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

நர்சரிக்காரரைக் கட்டுப்படுத்துவது நோய்ப் பயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் முதல், நடுவதற்கான எல்லாச் செடிகளும் ஒரு தொழில்முறை வளர்ப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது 'பிளான்ட் பாஸ்போர்ட்' என்ற சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக அது உதவும்.

கடைசியில் நிற்பவர் தினமும் வந்து தண்ணீர் ஊற்றி, புல் வெட்டி, களை பிடுங்கும் தோட்டக்காரர். பெரும்பாலான நாடுகளில் அவருக்கு எந்த லைசென்ஸும் கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் 2162, மருத்துவர், பொறியாளர் வரிசையில். தோட்டக்காரரும் நர்சரி வளர்ப்பவரும் 6113, கைத்தொழில் தெரிந்த விவசாயிகள் வரிசையில். தோட்டக் கூலி வேலை செய்பவர் 9214, அடிப்படைத் தொழிலாளர் வரிசையில். ஒரே செடிக்கு மூன்று வகுப்பு மனிதர்கள். உங்கள் தோட்டம் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த 9214தான், அவருக்குச் சம்பளம்தான் எல்லாரையும்விடக் குறைவு.

இவ்வளவு லைசென்ஸ் அவசியமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் லூயிசியானாவில் பூக்கடை வைக்கவே அரசு லைசென்ஸ் கேட்டது. 2010 வரை அதற்குப் பூ அடுக்கிக் காட்டும் செய்முறைத் தேர்வும் இருந்தது. அசிங்கமாகப் பூ அடுக்கினால் யார் செத்துப்போவார்கள்? ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் புதியவர்களை வெளியே நிறுத்தவே பல லைசென்ஸ்கள் பயன்படுகின்றன என்ற குற்றச்சாட்டை நான் மறுக்க மாட்டேன். செடி தேர்ந்தெடுப்பவருக்கு லைசென்ஸ் கேட்டால் எதிர்ப்பேன். தடுப்புச்சுவருக்கும், மரம் வெட்டுவதற்கும், மருந்துக்கும், குடிதண்ணீரோடு சேரும் குழாய்க்கும் கேட்டால் ஆதரிப்பேன்.

சரி, உங்கள் மூன்று பேருக்கு வருவோம். இடம் சரிவாக இருந்தாலோ, மண்ணை வெட்டி நிரப்ப வேண்டியிருந்தாலோ, இடுப்புயரத்துக்குச் சுவர் வந்தாலோ, மழைத்தண்ணீர் இப்போதே எங்காவது தேங்கினாலோ லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டிடம் போங்கள். சுவர் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒரு சிவில் இன்ஜினியர் போதும். அதெல்லாம் இல்லை என்றால் டிசைனர் வரையட்டும், கான்ட்ராக்டர் செய்யட்டும். யாரானாலும் "உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் இருக்கிறது என்பார்கள். கடை நடத்த உள்ளாட்சியில் வாங்கிய உரிமத்தைக்கூட எடுத்துக் காட்டுவார்கள். எந்த வேலைக்கான லைசென்ஸ், யார் கொடுத்தது, எண் என்ன என்று கேளுங்கள். பதிவேடு இருக்கும் நாடுகளில் அது பெரும்பாலும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில்தான் இருக்கும், இரண்டு நிமிட வேலை. லைசென்ஸ் இல்லாத நாடென்றால் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, அது வேலையாட்களுக்கும் மூன்றாம் நபருக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் அவர் முடித்த ஓர் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த தோட்டம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. வேலை முடிந்து கடைசித் தவணை கொடுக்கும் முன், மண்ணுக்கு அடியில் குழாயும் மின்கம்பியும் எப்படிப் போகின்றன என்று ஒரு படம் வாங்கிக்கொள்ளுங்கள். போட நினைத்தது இல்லை, உண்மையில் போட்டது. பள்ளம் மூடும் முன் பக்கத்தில் அளவுநாடா வைத்து நீங்களே போட்டோ எடுத்து வைத்தாலும் சரிதான். அடுத்து வருகிறவர் மண்வெட்டியோடுதான் வருவார்.